24 நன்றி கார்டுகளும் ஒரு மார்பிளிங் பெட்டியும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் படுத்த படுக்கையாக இருந்தார். இப்போது எழுந்து நடக்கிறார், தானே சட்டை போட்டுக்கொள்கிறார். அந்த மூன்று மாதத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களின் பெயர்களை ஒருநாள் எழுதிப் பார்த்தேன். 24 பேர். இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள், தினமும் வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தவர், காரைச் சாவியோடு எங்களிடம் விட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரர். இவர்களுக்கெல்லாம் போனில் ஒரு வரி தட்டி அனுப்ப மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு கார்டு செய்து, உள்ளே கையால் நாலு வரி எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் இந்த வாட்டர்கலர் மார்பிளிங் பெட்டியை வாங்கினேன். நீரின்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, அந்தக் கோலத்தைத் தாளில் எடுப்பதுதான் மார்பிளிங்.

ஐந்து வாரமாகப் பயன்படுத்துகிறேன். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்ணங்களும் நீரைக் கெட்டியாக்கும் பொடியும் அருமை. கூடவே வரும் தாள் இந்த வேலைக்கு ஆகாது. செய்முறைத் தாளில் பாதிதான் சரி. தாளை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தால் வாங்கலாம்.

பெட்டியில் இருப்பவை இவை: 15 மில்லி புட்டிகளில் ஆறு திரவ வாட்டர்கலர், நிறமே இல்லாத ஏழாவது புட்டி ஒன்று, 20 கிராம் கராகீனன் பொடி, 50 கிராம் படிகாரம், சொட்டுக்குழாய்கள், ஒரு பிளாஸ்டிக் சீப்பு, ஒரு ட்ரே, 25 ஏ4 தாள்கள், 25 மடித்த வெற்றுக் கார்டுகள்.

இந்தக் கலையைப் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டு வாட்டர்கலரை விட்டால் அது கரைந்து கீழே இறங்கிவிடும். அதனால் தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டும். கராகீனன் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. உணவுப் பொருள்களைக் கெட்டியாக்கவும் இதைச் சேர்ப்பார்கள். இதைக் கலந்த தண்ணீர் கஞ்சித் தெளிவு போல வழவழப்பாகிறது. அதன்மேல் வண்ணம் நிற்கும். ஆனால் நின்றால் மட்டும் போதாது, பரவவும் வேண்டும். பரவ வைக்க அந்தக் காலத்தில் எருதின் பித்தநீரைச் சில சொட்டு கலந்தார்கள், இன்றும் கலக்கிறார்கள். அது வண்ணத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சொட்டு விழுந்த இடத்தில் வட்டமாக விரியச் செய்கிறது. இந்தப் பெட்டியில் அதற்குப் பதிலாகச் செயற்கைத் திரவம் ஒன்றை வண்ணத்திலேயே கலந்திருக்கிறார்கள். பிறகு சீப்பாலோ குச்சியாலோ கோலமிட்டு, படிகாரக் கரைசல் தடவிக் காய வைத்த தாளை மேலே படுக்க வைத்து எடுத்தால், நீரில் இருந்தது அப்படியே தாளுக்கு வந்துவிடும். படிகாரம்தான் வண்ணத்தைத் தாளோடு பிடித்து வைக்கிறது. துணிக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் படிகாரத்தைப் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வண்ணங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கருநீலம் முதல் சொட்டிலேயே உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. அதன்மேல் விட்ட காவி, நீலத்தை ஒதுக்கிக்கொண்டு தனக்கு ஒரு வட்டம் பிடித்தது. இரண்டும் கலந்து சேறாகவில்லை. ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தை நெருக்கும், நெருக்கப்பட்டது இன்னும் அடர்த்தியாகும். மஞ்சள் மட்டும் கொஞ்சம் சோம்பல். அதைக் கடைசியில் விட்டால் விரிய இடம் இல்லாமல் புள்ளியாகவே நின்றுவிடுகிறது, முதலில் விட்டால் சரியாக இருக்கிறது. இது வண்ணத்தின் குறை இல்லை, வரிசையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

கராகீனன் பொடியும் நல்ல தரம். ஆனால் செய்முறைத் தாள் "ஒரு மணி நேரம் ஊற விடவும்" என்கிறது. நம்பாதீர்கள். 3 லிட்டர் தண்ணீரில் 20 கிராமையும் மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்தேன். மொத்தமாகப் போட்டால் கட்டி தட்டிவிடும். அடித்து முடித்ததும் ட்ரே முழுக்க நுண்ணிய காற்றுக் குமிழிகள். ஒரு மணி நேரம் கழித்தும் அவை போகவில்லை. அந்த நிலையில் எடுத்த தாளில் குமிழி இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. ஒரு இரவு முழுக்க மூடி வைத்து மறுநாள் காலை பார்த்தால் நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வண்ணமும் நீரும் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடுவதால் சொட்டுகளும் ஒழுங்காக விரிகின்றன. எனவே முதல்நாள் இரவே கலக்கி வைத்துவிடுங்கள். தண்ணீரும் முக்கியம். கடின நீரில் உள்ள கால்சியம் கராகீனனோடு ஒத்துப்போகாது. வண்ணத்தின் ஓரங்கள் கிழிந்த துணி மாதிரி பிசிறடிக்கும். நான் இரண்டாம் முறையிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் சேர்க்கிறேன்.

இனி தாளைப் பற்றி. இதில்தான் என் வருத்தமெல்லாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தேன். படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஆற வைத்து, பஞ்சால் தாளில் தடவி, காய வைத்தேன். நீரின்மேல் நீலமும் காவியும் சேர்ந்து அவ்வளவு அழகான ஒரு அலை. தாளை வைத்து எடுத்தபோது அதிலும் அப்படியே வந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு வழவழப்புப் போவதற்காகக் குழாயடியில் மெல்ல அலசினேன். என் கண்முன்னே அந்த அலை முழுக்க வழுக்கிக்கொண்டு கீழே ஓடிவிட்டது. தாளில் மிஞ்சியது ஏதோ தேநீர் கொட்டின கறை போல. மூன்று தாளில் இப்படியே ஆனது.

படிகாரம் போதவில்லையோ என்று இரண்டு மடங்கு போட்டேன். காயவில்லையோ என்று இன்னும் நேரம் விட்டேன். பயனில்லை. கடைசியில் அலமாரியில் கிடந்த பழைய படம் வரையும் தாளை எடுத்து அதே கரைசல், அதே நீர், அதே வண்ணத்தில் முக்கினேன். ஒரு துளி வண்ணம்கூடப் போகவில்லை!

காரணம் பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது: "ஆசிட் ஃப்ரீ தாள்," அதாவது அமிலம் இல்லாத தாள். பல ஆண்டுகள் மஞ்சளாகாமல் இருப்பதற்காக இப்படிப்பட்ட தாள்களில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் சேர்க்கிறார்கள். அது காரத் தன்மை உள்ளது. படிகாரமோ அமிலத் தன்மை உள்ளது. இரண்டும் தாளுக்குள்ளேயே வினைபுரிந்து ஒன்றையொன்று தீர்த்துவிட்டால், வண்ணத்தைப் பிடித்து வைக்கப் படிகாரம் எங்கே மிச்சமிருக்கும்? ஓவியத்துக்கு நல்லதான குணம் மார்பிளிங்குக்கு எதிரியாகிவிடுகிறது. மார்பிளிங் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது பழகிய தலைவலி. அப்படி இருக்க, மார்பிளிங்குக்கென்றே விற்கும் பெட்டியில் அந்தத் தாளை வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முதல்முறையாகச் செய்கிற ஒருவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துப் பெட்டியை மூடி வைத்துவிடுவார். நானும் அன்று மாலை அந்த எண்ணத்துக்கு வந்துவிட்டேன்.

வேறு எந்தத் தாள்? வீட்டில் இருந்த ஐந்து வகைத் தாள்களிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குக் கீற்று வெட்டி, எல்லாவற்றுக்கும் படிகாரம் தடவி, ஒரே ட்ரேயில் வரிசையாக வைத்து எடுத்து அலசினேன். இரண்டு தேறின. ஒன்று அந்தப் பழைய தாள். இன்னொன்று 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) காட்டன் வாட்டர்கலர் தாள், ஹாட் பிரஸ் வகை, அதாவது மேற்பரப்பு மழமழவென்று இருப்பது. கோல்டு பிரஸ் தாளின் சொரசொரப்பில் பள்ளங்களுக்குள் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. விலையுயர்ந்த தாள் என்பதாலேயே பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். தேறாத மூன்றில் ஒன்று நல்ல காட்டன் தாள்தான். எதுவாக இருந்தாலும் கட்டாக வாங்கும் முன் ஒரு கீற்று சோதித்துவிடுங்கள். அப்புறம், படிகாரம் தடவிய தாளை வாரக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது, அமிலம் தாளை அரிக்கத் தொடங்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் தடவுங்கள்.

ட்ரேயைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளளவு 22 × 31 சென்டிமீட்டர். ஏ4 தாள் 21 × 29.7. தாளைச் சுற்றி அரை சென்டிமீட்டர் அளவே மிச்சம் இருக்கும் இடத்தில் விரலை எங்கே வைப்பது? மூலை சுவரில் இடித்து நடுவில் ஒரு நொடி நின்றுவிட்டால், அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்துவிடும். தாளைப் பாதியாக, ஏ5 அளவுக்கு வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. மடித்தால் ஏ6 கார்டு, வழக்கமான சி6 உறைக்குள் சரியாகப் போகும். தாளின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, நடுவை முதலில் தொட வைத்து, இரண்டு பக்கமும் ஒரே வீச்சில் இறக்க வேண்டும். சொல்ல எளிது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு தாள் பிடித்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "மெதுவா விடு, ஆனா நிறுத்தாதம்மா" என்பார். அவருக்கு நடைப்பயிற்சி கொடுத்தவரும் கிட்டத்தட்ட இதைத்தான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை நடுங்கிப் படுக்க வைத்த ஒரு தாளை எறியாமல் வைத்திருக்கிறேன். அதில் துணி மடிப்பு மாதிரி நிழல் வரிகள் விழுந்திருக்கின்றன. தாளை வேண்டுமென்றே அசைத்து அசைத்து இறக்கி இப்படி அலை வரிகளை உண்டாக்குவது ஸ்பானிஷ் மார்பிளிங் என்று தனி வகையாகவே இருக்கிறது. அது பக்கத்து வீட்டுக்காரருக்குப் போனது. அவருக்கு மிகவும் பிடித்த கார்டு அது.

சரி, தாள் கிடைத்துவிட்டது, கோலமும் வந்துவிட்டது. அடுத்த சிக்கல் நான் எதிர்பார்க்காதது. சீப்பு இழுத்த தாள்கள் பார்க்கப் பிரமாதமாக இருந்தன, ஆனால் அவற்றின்மேல் ஒன்றும் எழுத முடியவில்லை. நீலம், காவி, பச்சை எல்லாம் முழு அடர்த்தியில் நெளிந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பெயரை எழுதினால் கண் அதைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செய்முறைத் தாளில் உள்ள எல்லா மாதிரிகளும் இப்படித்தான், சுவரில் மாட்டுவதற்கு ஏற்றவை. கார்டு என்றால் அதில் ஒருவர் எழுதுவார் என்பதை இவர்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இந்தக் கலை வளர்ந்ததே எழுத்தைத் தாங்குவதற்காகவும்தான். ஜப்பானில் சுமினாகாஷி என்கிறார்கள், மிதக்கும் மை என்று பொருள். 12ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்த தாள்களில் கவிதை எழுதியிருக்கிறார்கள். மெல்லிய சாம்பல் வளையங்கள் ஓரத்தில் புகை மாதிரி படர்ந்திருக்கும், எழுத்து அதன்மேல் தெளிவாக நிற்கும். துருக்கியின் மார்பிளிங்கான எப்ரு கலையிலும் கையெழுத்துக் கலைஞர்களுக்கென்றே வெளிறிய தாள்களைத் தனியாகச் செய்தார்கள். 2014இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்த எப்ருவைத்தான். நான் எழுத வேண்டியது நாலு வரி நன்றி. அதற்கும் அப்படி ஒரு தாள்தான் வேண்டியிருந்தது.

வழி அந்த ஏழாவது புட்டியில் இருந்தது. செய்முறைத் தாளில் அதைப் பற்றி ஒரே ஒரு வரி: "வெள்ளை இடைவெளி வேண்டுமெனில் பயன்படுத்தவும்." என்னைக் கேட்டால் பெட்டியிலேயே சிறந்த பொருள் அதுதான். நிறமில்லாத, பரவ மட்டும் செய்யும் திரவம். ஒரு சொட்டு நீலம், அதன் நடுவிலேயே ஒரு சொட்டு இந்தத் திரவம், மறுபடி நீலம், மறுபடி திரவம். ஒவ்வொன்றும் முந்தியதை வெளியே தள்ள, மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல மெல்லிய கோடுகள் பிறக்கின்றன. சுமினாகாஷி செய்கிறவர்களின் முறையும் இதுவே. பிறகு ஓரத்தில் நின்று லேசாக ஊதினால் போதும், வளையங்கள் தாமாகவே வளைந்து கொடுக்கும். சீப்பு தேவையே இல்லை. தாளில் முக்கால்வாசி வெள்ளையாகவே இருக்கும், நரம்பு போல நீலம் ஓடும். எழுத அவ்வளவு இடம்! திரவத்தை அளவோடு விடுங்கள். ஆறேழு சொட்டுக்கு மேல் போனால் நீரின் மேற்பரப்பு நிறைந்துவிடுகிறது, அடுத்து விடும் வண்ணம் விரிய இடமில்லாமல் அடியில் போய் உட்காருகிறது.

இன்னொன்றும் தானாகவே கைக்கு வந்தது. ஒரு தாளை எடுத்த பிறகு நீரில் கொஞ்சம் வண்ணம் மிஞ்சும். செய்தித்தாளைக் கீற்றாக வெட்டி, மேற்பரப்பை வழித்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்தது தொடங்க வேண்டும் என்கிறது செய்முறை. கீற்று வெட்டுவது அப்பாவின் வேலை, இடது கையால் பிடித்து வலது கையால் கிழிப்பார், அதுவே அவருக்குப் பயிற்சி. ஒருநாள் அவர் கீற்று எடுத்துக் கொடுக்கும் முன்பே அவசரத்தில் அடுத்த தாளை வைத்துவிட்டேன். முந்தைய கோலத்தின் வெளிறிய நிழல் ஒன்று வந்தது, அதிகாலை வெளிச்சம் மாதிரி. அதன் பிறகு ஒவ்வொரு கோலத்திலும் இரண்டு தாள் எடுத்தேன். அடர்த்தியான முதல் தாள் கார்டின் வெளிப்பக்கம். நிழல் தாள் உள்ளே, எழுதும் பக்கம். இரண்டும் ஒரே அலையின் இரண்டு நிலைகள் என்பது கார்டைத் திறப்பவருக்குப் பார்த்தவுடன் தெரியும்.

வாட்டர்கலரில் முன்கூட்டியே மெல்லிய ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்த பிறகு அதன்மேல் மார்பிளிங் செய்தும் பார்த்தேன். வெளிர் மஞ்சள் பூச்சின்மேல் நீல வளையங்கள் விழுந்தால் நிறம் குறுக்கிடும் இடங்களில் இளம் பச்சை தெரிகிறது. படிகாரத்தை மட்டும் ஒரே இழுப்பில், அழுத்தாமல் தடவ வேண்டும். இரண்டாம் முறை தேய்த்தால் அடியில் உள்ள பூச்சு கரைந்து பஞ்சோடு வந்துவிடும். எட்டு கார்டு இப்படிச் செய்தேன், எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானவை இவைதான்.

பெட்டியில் வந்த வெற்றுக் கார்டுகளைக் குறை சொல்ல மாட்டேன். அவற்றை முக்க முடியாது, ஆனால் பழைய தாளில் எடுத்த மார்பிளிங்கை அளவாக வெட்டி மேலே ஒட்டக் கச்சிதம், மடிப்பும் நேராக இருக்கிறது. 300 ஜிஎஸ்எம் தாளையே கார்டாக மடிப்பதென்றால் முதலில் போன் ஃபோல்டராலோ (தாளில் மடிப்புக் கோடு அழுத்தும் மழுங்கிய கருவி) மை தீர்ந்த பேனா முனையாலோ ஒரு கோடு அழுத்திக்கொள்ளுங்கள். தாளின் இழை ஓடும் திசையிலேயே மடிப்பும் அமைந்தால் வெடிக்காது.

காய்ந்த தாள் சுருண்டு கிடக்கும். பின்பக்கமாக மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வைத்தால் படிந்துவிடும். எழுதும் முன் இன்னொன்று: சரியாக அலசாத தாளில் கராகீனன் படலம் மிஞ்சியிருக்கும், அதில் ஜெல் பேனா வழுக்கும், மை ஊறும். விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மைப் பேனாதான் எனக்கு ஒத்துவந்தது.

ஒரு கோலம் மிக அழகாக வந்தால் இன்னொன்று அதேபோல் வேண்டும் என்று ஆசை வருகிறது. வராது. 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் சபையான கான்டினென்டல் காங்கிரஸ் வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் மார்பிளிங் தாளை வைத்தது இதனால்தான். ஒருமுறை வந்த அலையை யாராலும் திருப்பிச் செய்ய முடியாது என்பதால் கள்ளநோட்டு அடிப்பது கடினம். நான் 24 கார்டையும் மேசையில் பரப்பி, இது இவருக்கு, அது அவருக்கு என்று முகத்தை நினைத்து நினைத்துப் பிரித்தேன். அந்த மாலைப்பொழுதை மறக்க மாட்டேன்.

மறுபடி இந்தப் பெட்டியை வாங்குவேனா? முழுப் பெட்டியாக வாங்க மாட்டேன். வண்ணங்களும் ஏழாவது புட்டியும் பொடியும் மட்டும் தனியாகக் கிடைத்தால் உடனே வாங்குவேன். ஆறு வண்ணத்திலும் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம், தீர்ந்தது கராகீனன்தான். கலக்கிய நீர் அறையில் வைத்தால் சில நாட்களில் நீர்த்துப் போய் நாறத் தொடங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதனால் ஒரே வார இறுதியில் நிறையச் செய்யத் திட்டமிடுவது நல்லது. தயாரிப்பாளர்களுக்குத் தாளைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியிருக்கிறேன். தாளை மாற்றி, ஏழாவது புட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், இதைவிட நல்ல பெட்டி வேண்டியதில்லை.

24இல் 21 கார்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. மீதி மூன்றும் இரவுப் பணிச் செவிலியர்களுக்கு. அவற்றில் தானே கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார் அப்பா. தினமும் காலையில் வீணான மார்பிளிங் தாள்களின் பின்பக்கத்தில் பெயரை எழுதிப் பழகுகிறார். மூன்று கார்டுகளும் அகராதிக்கு அடியில் இருக்கின்றன.